பொறுக்கி எடுத்த எட்டு

என் வீட்டுக்காரர் இராஜாங்கத்துக்குக் கோபம் வராது. ஊரில் இதை நல்ல குணம் என்பார்கள். எனக்கு இது வியாதி என்றுதான் படுகிறது. அவர் படவேண்டிய கோபத்தையும் சேர்த்து நான் பட வேண்டியிருக்கிறது. ஏழாம் வகுப்புக்கு அறிவியலும் நடத்திக்கொண்டு, வீட்டில் இரண்டு பேர் கோபத்தையும் ஒருத்தியே சுமப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை.

அவர் தொலைபேசித் துறையில் ஜூனியர் இன்ஜினியர். வேலை மாயவரத்தில். குத்தாலத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். ஊர் என்று சொல்லிக்கொள்கிறோம், இருப்பது ஊரை ஒட்டிய காலனியில். காலையில் பஸ், சாயங்காலம் பஸ். வந்ததும் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு பற்றவைக்கிற சால்டரிங் அயர்னைச் சொருகிவிடுவார். மற்ற வீடுகளில் விளக்கேற்றிச் சாம்பிராணி போடும் நேரத்தில் எங்கள் வீட்டில் ஈயப்புகை மணக்கும். அதற்கெல்லாம் நான் கோபப்பட்டதில்லை. சீட்டாடுவதற்கு இது மேல்.

எல்லாம் மைக் செட்டில் ஆரம்பித்தது. எங்கள் ஊரில் மைக் செட் ஒன்றே ஒன்று. மேலத்தெருவில் இருக்கிறது. தேர்தல் வந்தால் இந்தக் கொடிக்கும் பாடும், அந்தக் கொடிக்கும் பாடும். சமத்துவம் சமத்துவம் என்று அதன் குழாய் தொண்டை கிழியக் கத்தும். அதே குழாயைக் காலனியில் ஒரு காதுகுத்துக்குக் கேட்டால், "ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர்" என்பார் அதன் சொந்தக்காரர். ஆட்சி மாறும், கொடி மாறும், காலனி என்றால் மட்டும் அந்த ஆம்ப்ளிஃபையர் தவறாமல் ரிப்பேராகும். குறுவை அறுப்பில் எங்கள் ஆட்கள் கூலி கேட்டு அரிவாளைக் கீழே வைத்தார்கள் பாருங்கள், அந்த வருஷத்தோடு அந்தச் சாக்கும் நின்றது. "ஒங்களுக்குக் கெடையாது" என்று நேராகவே சொல்லிவிட்டார். இராஜாங்கம் அதற்கும் கோபப்படவில்லை. "நாமளே ஒண்ணு பண்ணிக்குவோம்" என்றார். பண்ணினார். காலனியில் எல்லாரும் சேர்ந்து குழாய்கள் வாங்கினார்கள். நாலு மைக்கைச் சேர்க்கிற மிக்ஸரை இவர் தன் சம்பளத்தில் கட்டினார்.

அந்த செட்டில் பேச வேண்டிய அவசியம் யாரையும்விடக் கண்ணாத்தாளுக்கு இருந்தது. எங்கள் எதிர்வீடு அவள். நடவுக்குப் போகிறவள். போன ஐப்பசி அடைமழையில் அவள் புருஷன் இளையபெருமாள் செத்துப்போனார். எங்கள் சுடுகாடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. போக வழி கிடையாது. மேலத்தெரு துரைக்கண்ணுவின் வயல் வரப்பில் போய் மதகைத் தாண்டுவது ஒன்றுதான். துரைக்கண்ணு வரப்பில் முள்ளை வெட்டிப் போட்டுவிட்டு, "பயிர் நிக்கிது, சுத்திப் போங்க" என்றான். சுற்றிப் போவதென்றால் வாய்க்காலில் இறங்கிப் போவது. கழுத்தளவுத் தண்ணீரில் நாலு பேர் பாடையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு போனார்கள். நடுவில் ஒருவனுக்குக் கால் வழுக்கியது. இளையபெருமாள் தண்ணீரில் விழுந்தார். செத்த மனுஷனை, பொண்டாட்டி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, தண்ணீருக்குள் தேடி எடுத்தார்கள். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குப் பல் நறநறக்கிறது.

மனு மேல் மனுவாகப் போட்டு, சித்திரையில் ஆர்.டி.ஓ. விசாரணைக்கு வந்தார். வேப்பமரத்தடியில் பந்தல் போட்டு, எங்கள் புது செட்டைக் கட்டியிருந்தோம். கண்ணாத்தாள் எழுந்து மைக்கைப் பிடித்தாள். அவள் கத்திப் பேசுகிறவள் இல்லை. எங்கள் பெண்கள் கத்தினால் திமிர் என்பார்கள், மெதுவாகச் சொன்னால் விளங்கவில்லை என்பார்கள். எப்படியும் ஒரு குற்றம் உண்டு. அன்றைக்கு மெய்யாகவே விளங்கவில்லை. இளவட்டங்கள் 'ஹலோ ஹலோ' என்று கத்தியபோது கணீரென்று இருந்த செட், அவள் குரலுக்கு மட்டும் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டியதுபோல் ஆகிவிட்டது. ஆர்.டி.ஓ. கொஞ்ச நேரம் முகத்தைச் சுளித்துக்கொண்டு கேட்டார். பிறகு, "இந்தம்மா என்ன சொல்லுதுன்னே வெளங்கல. எழுதிக் குடுங்க, பாப்போம்" என்று எழுந்துவிட்டார். நாங்கள் வாங்கி வைத்த கலர் சோடாவை மட்டும் முழுசாகக் குடித்துவிட்டுப் போனார்.

இராஜாங்கம் அன்று சாப்பிடவில்லை. கோபம் வராதவர்களுக்கு வெட்கம் வரும் போலிருக்கிறது. மறுநாளே மிக்ஸரைத் தூக்கிக்கொண்டு மாயவரம் போய், நண்பர் ஒருவரிடம் இருந்த, ஒலியைக் கோடாகக் காட்டும் ஆஸிலாஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டு வந்தார். எனக்கும் விளக்கினார். நான் என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல் சொல்கிறேன்.

மிக்ஸரில் இருப்பது ஆப்-ஆம்ப் என்கிற சின்ன ஐ.சி. ஒவ்வொரு ஆப்-ஆம்ப்பின் வாசலிலும் உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர்கள் நிற்கின்றன. ஒலி மேலே ஏறும்போது ஒன்று தள்ளும். கீழே இறங்கும்போது மற்றது இழுக்கும். ஒன்று விட்டு மற்றது பிடிக்கிற இடத்தில், கண்மூடித் திறக்கும் நேரத்துக்கு, யார் கையிலும் பிடி இருப்பதில்லை. அங்கேதான் கரகரப்பு. கத்துகிறவன் குரல் அந்தப் பள்ளத்தை ஒரே தாவில் தாண்டிவிடும். மெல்லிய குரல் அதிலேயே விழுந்து விழுந்து எழுந்து வர வேண்டும். மலிவு ஐ.சி.களில் இந்தக் கோளாறு கூடுதல். நாங்கள் வாங்கியிருந்தது மலிவு ஐ.சி.

இதற்கு வைத்தியம் உண்டு. வாசலுக்கு வெளியே இன்னொரு டிரான்சிஸ்டரைக் கட்டி, அது எந்நேரமும் ஒரே அளவு கரன்டைக் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும்படி செய்துவிட்டால், உள்ளே மேலே தள்ளுகிறது இருக்கிறதே, அது ஒரு கணமும் பிடியை விட முடியாது. கைமாறுகிற பேச்சே இல்லை. இப்படி ஓடுவதற்குக் கிளாஸ் ஏ என்று பெயர். ஆனால் அந்த இழுப்பு அளவாக இருக்க வேண்டும். குறைந்தால் சத்தம் கூடும்போது பழைய கரகரப்பு வந்துவிடும், அதிகமானால் ஐ.சி. சுடும். எங்கள் மிக்ஸருக்கு ஐந்து மில்லி ஆம்பியர் சுமாருக்கு இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்.

அதற்கு எஃப்.இ.டி. என்கிற வகை தோது. இரண்டு காலைச் சேர்த்துக் கட்டிவிட்டால் அது பாட்டுக்குத் தன் அளவை இழுத்துக்கொண்டிருக்கும். தொல்லை என்னவென்றால், ஒரே நம்பர் அச்சடித்து, ஒரே விலைக்கு விற்கிற எஃப்.இ.டி.களில் ஒன்று இரண்டு மில்லி ஆம்பியர் இழுக்கும், பக்கத்தில் இருப்பது பதினைந்து இழுக்கும். அச்சை நம்பிப் பிரயோசனம் இல்லை. வாங்கிவந்து ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்துப் பொறுக்க வேண்டும்.

ஆவணிக் கடைசியில், புரட்டாசியில் ஆர்.டி.ஓ. மறுபடி வருவார் என்று தாக்கல் வந்தது. மழைக்கு முன்னால் இது கடைசி வாய்ப்பு. ஐப்பசி பிறந்துவிட்டால் வயலெல்லாம் தண்ணீர். யாரும் வந்து அளக்க மாட்டார்கள், அடுத்த சாவுக்கு மறுபடி வாய்க்கால்தான். இராஜாங்கம் லீவு போட்டு மெட்ராஸ் போய் ஒரு பாக்கெட் எஃப்.இ.டி. வாங்கிவந்தார். எங்கள் காசு. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து பொறுக்கினார். பக்கத்தில் பவுடர் டப்பா மூடிகள். குறைவாக இழுப்பது ஒரு மூடியில், கூடுதலாக இழுப்பது ஒரு மூடியில். கரெக்டாக ஐந்தை ஒட்டி நின்றவை மொத்தப் பாக்கெட்டில் எட்டுதான் தேறின. அந்த எட்டையும் தெர்மோகோல் துண்டில் வரிசையாகக் குத்தி, வெள்ளிக் காகிதத்தைச் சுற்றி, ஒரு தீப்பெட்டிக்குள் வைத்தார். எங்கள் மிக்ஸருக்கு வேண்டியதும் எட்டு. நான் சந்தோஷமாகத்தான் கேட்டேன்.

"எட்டும் ஆச்சு. நாளைக்கே வச்சுப் பத்த வச்சிடலாமா?"

"அம்சம், இது நமக்கு இல்ல. இது சாருக்கு" என்றார். தலையை நிமிர்த்தவில்லை.

சார் என்றால் ராமசுப்பிரமணியன் சார். குத்தாலத்தில் அக்ரகாரத்தில் இருக்கிறார். பேங்க்கில் பெரிய மேனேஜராக வடக்கே எல்லாம் இருந்துவிட்டு, ரிட்டயராகி வந்தவர். சங்கீதப் பித்து. வீட்டில் ஒரு அறை நிறைய ரெக்கார்டுகளும் டேப்புகளும். அவருக்கு இவர் ஒரு ஸ்டீரியோ ப்ரீ-ஆம்ப்ளிஃபையர் கட்டிக்கொண்டிருந்தார், அதுவும் கிளாஸ் ஏ. என் மாமனார் தங்கையன், சாருடைய அப்பாவின் நிலத்தைக் குத்தகைக்குச் சாகுபடி செய்தவர். பிற்பாடு அந்த நிலத்தை, மாமனாரை ஒரு வார்த்தை கேட்காமல், துரைக்கண்ணுவுக்கு விற்றுவிட்டார்கள். முள்ளு வெட்டிப் போட்ட வரப்பு அந்த வரப்புதான்.

கல்யாணமான வருஷம் நான் இதே காட்சியைக் களத்தில் பார்த்திருக்கிறேன். காற்றில் தூற்றினால் கனத்த மணி காலடியிலேயே விழும். அரைமணியும் கருக்காயும் தள்ளிப் போய் விழும். காலடிக் குவியல் அய்யா வீட்டு வண்டிக்கு. தள்ளி விழுந்த குவியல் சாகுபடி செய்தவன் வீட்டுக்கு. யாரும் வந்து இப்படிப் பிரி என்று சொல்லவில்லை. என் மாமனார் தானாகவே முறத்தால் நடுவில் ஒரு கோடு கிழிப்பார். குத்தகைச் சட்டம் வந்து, பங்கு இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டது. எந்தக் குவியலில் இருந்து என்று சட்டம் சொல்லவில்லை. ஆகவே அவர் கோட்டை அழிக்கவும் இல்லை. நான் நன்னிலத்துப் பக்கத்துப் பெண். எங்கள் அப்பாவும் அதே கோட்டைத்தான் கிழித்தார் என்பதால் அப்போது எனக்கு வாய் வரவில்லை.

இப்போது நிலமும் இல்லை, குத்தகையும் இல்லை, கேட்கிற அய்யாவும் இல்லை. எலக்ட்ரானிக்ஸ் படித்த மனுஷன், அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர், பவுடர் டப்பா மூடியில் களத்தைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு உச்சி முதல் பாதம் வரை பற்றிக்கொண்டு வந்தது.

"நம்ம செட்டுக்கு?" என்று கேட்டேன்.

"கொறச்சலா இழுக்கறத ரெண்டு ரெண்டாச் சேத்துக் கட்டினா அஞ்சு வந்துரும். அதே கரன்ட்தான். சத்தத்துல ஒரு வித்தியாசமும் இல்ல."

"வித்தியாசம் இல்லன்னா அவருக்கு ரெண்டு ரெண்டாக் கட்டுங்க."

அவர் குறைவாக இழுத்தவற்றில் பதினாறை எண்ணி இன்னொரு தீப்பெட்டியில் போட்டார். மீட்டரின் வயரைச் சுற்றி வைத்தார். நான் விடவில்லை.

"அவரு செட்டு அலமாரியில ஒக்காந்திருக்கும். நம்ம செட்டு சைக்கிள் கேரியர்ல மேடு பள்ளமெல்லாம் போவும். ரெட்டை ரெட்டையா எத்தன கால், எத்தன பத்த வெப்பு. அன்னிக்கிப் பாத்து ஒண்ணு விட்டுப்போச்சுன்னா கண்ணாத்தா அக்கா என்ன பண்ணும்? மறுபடி எழுதிக் குடுக்குமா?"

"அதெல்லாம் விடாது அம்சம். நான் பத்த வச்சா விடாது."

"அவரு கேட்டாரா, இந்த எட்டுதான் வேணும்னு?"

"கேக்கல."

"பின்ன?"

எட்டு இருந்த தீப்பெட்டியை மூடிக்கொண்டே, "நல்லதா இருக்கே, குடுப்போம்னு தோணிச்சு" என்றார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த காரணம். பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. ஒரு பயம், ஒரு ஆதாயம், ஒரு நிர்ப்பந்தம் என்று ஏதாவது இருந்தால் சண்டை போடலாம். நல்லது என்றால் நமக்கில்லை என்று கையே முடிவு செய்துவைத்திருக்கிறது. அந்தக் கையோடு என்ன சண்டை போடுவது?

ஞாயிற்றுக்கிழமை ராமசுப்பிரமணியன் சார் தானே வந்துவிட்டார். மறுநாள் திங்கள், விசாரணை. காலனிக்குள் அவர் வருவது புதிதில்லை; அதைப் பெருந்தன்மை என்று காலனியில் சொல்லிக்கொள்வார்கள். வருவார், எங்கள் நாற்காலியில் உட்காருவார், காப்பி கொண்டுவந்தால், "இப்பதாம்மா ஆத்துல குடிச்சேன்" என்பார். அத்தனை வருஷத்தில் ஒரு நாளும் அவர் வீட்டிலிருந்து குடிக்காமல் கிளம்பியது கிடையாது போலிருக்கிறது. இவருக்கும் அவருக்கும் வயதில் பெரிய வித்தியாசம் இல்லை. அவர் இவரை 'நீ' என்பார், இவர் அவரை 'நீங்க' என்பார். நான் அன்றைக்குக் காப்பி போடவில்லை.

"என்ன இராஜாங்கம், எஃப்.இ.டி. எல்லாம் பொறுக்கியாச்சா? ராத்திரி தூக்கமே வரலே எனக்கு. அந்த வயலின் ரெக்கார்டை இதுல கேட்டுட்டுத்தான் மறுவேலை" என்றார் சார்.

இராஜாங்கம் எழுந்து அலமாரிக்குப் போவதற்குள் நான் போய் இரண்டு தீப்பெட்டிகளையும் எடுத்துவந்து சார் முன்னால் ஸ்டூலில் வைத்தேன். இரண்டையும் திறந்தேன்.

"சார், இதுல எட்டு இருக்கு. ஒவ்வொண்ணும் தனியாவே அஞ்சு மில்லி ஆம்பியர் இழுக்குது. இதுல பதினாறு இருக்கு. ரெண்டு ரெண்டாக் கட்டணும், அப்பத்தான் அஞ்சு. சத்தத்துல ஒரு வித்தியாசமும் இல்லைன்னு ஒங்க இன்ஜினியர் சொல்றாரு. ஒண்ணு ஒங்களுக்கு, ஒண்ணு காலனி மைக் செட்டுக்கு. எது வேணுமோ எடுத்துக்குங்க."

அவர் சிரித்துக்கொண்டே எட்டு இருந்த பெட்டியை எடுத்தார். யோசிக்கவே இல்லை. கொடுத்த சில்லறையை எடுப்பதுபோல் எடுத்தார். "சிங்கிளா இருக்கறதுதான் நன்னா இருக்கும். போர்டும் பாக்க நீட்டா இருக்கும்" என்றார்.

"அது காலனிக்கு வேணும் சார். நாளைக்கு ஆர்.டி.ஓ. வராரு. ஒரு பொம்பள பேசணும்."

சார் என்னைப் பார்த்தார். பிறகு இராஜாங்கத்தைப் பார்த்தார். கையில் இருந்த பெட்டியைக் கீழே வைக்கவில்லை. "ஏம்மா, நான் கேக்கவே இல்லையே. இதைத் தாயேன்னு நான் இவனண்ட ஒரு நாள் கேட்டிருக்கேனா? இவனா குடுக்கறான், நான் வாங்கிக்கறேன்."

"ஒங்க அப்பாவும் கேட்டதில்ல சார். எங்க மாமனாராத்தான் பிரிச்சு வச்சாரு. கேக்காம வந்துக்கிட்டே இருந்தா, அது எங்கேருந்து வருதுன்னு பாக்கத் தோணாதுதான்."

என் குரல் உயர்ந்துவிட்டது எனக்குத் தெரிந்தது. எதிர்வீட்டில் கண்ணாத்தாள் வாசலுக்கு வந்து நின்றாள். சாருடைய முகம் சிவந்தது. அவர் கெட்டவர் இல்லை; கெட்டவராக இருந்திருந்தால் எனக்குப் பேசுவது சுலபமாக இருந்திருக்கும். "இராஜாங்கம், என்ன இது? ஆத்துல இப்படிப் பேச விட்டுண்டு நிக்கறே?" என்றார்.

இராஜாங்கம் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். வழக்கம்போல் தரையைப் பார்த்துக்கொண்டு. இனி மன்னிப்புக் கேட்பார், என்னை உள்ளே போகச் சொல்வார், தீப்பெட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுப்பார் என்று நான் நினைத்தேன். அப்படிச் செய்தால் நன்னிலத்துக்குப் பஸ் ஏறிவிடுவது என்றும் முடிவு செய்துவிட்டேன்.

அவர் வந்து, சாருடைய விரல்களில் இருந்து அந்தப் பெட்டியை மெதுவாக எடுத்தார். மற்றப் பெட்டியை மூடி அவர் கையில் வைத்தார்.

"ரெண்டு ரெண்டாக் கட்டினா அதே கரன்ட்தான் சார். சத்தத்துல ஒரு வித்தியாசமும் இல்ல" என்றார்.

என்னிடம் சொன்ன அதே சொற்கள், அதே குரல். கோபம் ஒரு பொட்டுக்கூட இல்லை. சார் பெட்டியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "வித்தியாசம் இல்லேன்னா சரிதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். போகும்போது சொல்லிக்கொள்ளவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் எட்டையும் மிக்ஸரில் வைத்துப் பற்றவைத்தார். நான் மைக்கைப் பிடித்து, தாலாட்டுப் பாடும் குரலில், "ஒண்ணு ரெண்டு மூணு" என்றேன். குழாயில் என் குரல் என் குரலாகவே வந்தது. மூச்சு விடுவதுகூடக் கேட்டது. இராஜாங்கம் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, சாருக்குப் பெட்டியை மாற்றிக் கொடுத்த கையை அவர் இன்னும் திரும்பத் திரும்ப வேட்டியில் துடைத்துக்கொண்டிருந்தார், பார்க்கப் பாவமாக இருந்தது.

திங்களன்று ஆர்.டி.ஓ. வந்தார். கூடத் தாசில்தார், நாலு போலீஸ்காரர்கள். துரைக்கண்ணு பந்தலுக்குள் வராமல் ரோட்டில் ஸ்கூட்டரை நிறுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தான். சட்டைப் பையில் புதிய ஆளுங்கட்சிப் படம். போன ஆட்சியில் வேறு படம் இருந்தது. அதிகாரிகள் சொல்வதும் எல்லாருக்கும் கேட்கட்டும் என்று இராஜாங்கம் அவர்கள் மேஜையிலும் ஒரு மைக் வைத்திருந்தார். குழாய்களில் ஒன்றை ரோட்டைப் பார்த்துக் கட்டச் சொன்னது நான்.

கண்ணாத்தாள் எழுந்தாள். புடவைத் தலைப்பைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். கத்தவில்லை.

"எம் புருசன் பேரு இளையபெருமாள். இந்த ஊரு நெலத்துலதான் ஒழைச்சாரு. அந்த வரப்ப வெட்டுனதும் அவுருதான், மட்டப்பலக போட்டதும் அவுருதான். அதுல அவுரத் தூக்கிக்கிட்டு நடக்கக் கூடாதுன்னுட்டாங்க. வாய்க்கால்ல எறக்குனோம். தண்ணிக்குள்ள போயிட்டாரு. தேடுனாங்க. நான் கரையில நின்னேன். மொதல்ல கெடச்சது மாலை. அப்புறம் வேட்டி. அப்புறந்தான் அவுரு. எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க. அடுத்து போறவங்களத் தேட வேணாம். அதுக்கு ஒரு பாதை."

அவ்வளவுதான் பேசினாள். ஒரு சொல் உடையவில்லை. ரோட்டில் போன பஸ்ஸை டிரைவர் ஓரமாக நிறுத்தியிருந்தார், உள்ளே இருந்தவர்கள் ஜன்னலில் தலையை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். போலீஸ்காரர்களில் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இனி விளங்கவில்லை என்று எந்த மகராசனும் சொல்ல முடியாது என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

ஆர்.டி.ஓ. தலையை ஆட்டினார். தொண்டையைச் செருமினார். "கேட்டுக்கிட்டேன். ரொம்ப வருத்தமான விசயம். அரசாங்கம் ஒங்க பக்கம்தான் இருக்கு. இத ஆவன செய்யப் பரிசீலிக்கலாம்" என்றார். சித்திரையில் விளங்காதபோது 'பாப்போம்' என்றார், இப்போது எல்லாம் விளங்கிய பிறகு சொல்வதும் அதேதான். கரகரப்பு எங்கள் செட்டில் இருந்தது என்று நாங்கள் ஆறு மாசம் தலையை உடைத்துக்கொண்டிருந்தோம்.

சொல்லிவிட்டு அவர் பக்கத்தில் இருந்த தாசில்தார் பக்கம் சாய்ந்தார். கையால் வாயை மறைத்துக்கொண்டு, கோயிலில் பேசுகிற மாதிரி, மெல்லப் பேசினார். மேஜை மைக் அவர் முழங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. சாதாரண செட்டாக இருந்தால் அதற்கு வெறும் கரகரப்புதான் வந்திருக்கும். எங்கள் செட்டில் எட்டு எஃப்.இ.டி.களும் பிடியை விடாமல் இருந்தன. வேப்பமரத்துக் குழாயிலும், தென்னைமரத்துக் குழாயிலும், ரோட்டைப் பார்த்த குழாயிலும் அவர் குரல் தெளிவாக, காதோடு சொல்வதுபோல் வந்தது.

"பாதைன்னு ஒண்ணக் குடுத்தா, நாளைக்கிக் கொளம், கோயில்னு வந்து நிப்பானுங்க. துரைக்கண்ணுகிட்ட நான் பேசிட்டேன். ஐப்பசி வரைக்கும் இழுத்துடுங்க. மழை வந்துட்டா..."

மிக்ஸருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த இராஜாங்கத்தின் கை சட்டென்று மேஜை மைக்கின் குமிழுக்குப் போனது. பெரியவர்கள் மானம் போகிறதே என்று பதறுகிற கை அது. எனக்கு அந்தக் கையைத் தெரியும். நான் எட்டிப் பிடிக்கப் போனேன். அதற்குள் அவரே விரல்களைக் குமிழிலிருந்து எடுத்தார். எடுத்து, மடியில் வைத்து, மற்றக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். முகம் கறுத்திருந்தது, தாடை துடித்தது. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்தது அன்றுதான்.

"...அளக்க முடியாது. அப்புறம் அவனுங்களே மறந்துடுவானுங்க" என்று குழாய் சொல்லி முடித்தது.

ரோட்டில் பஸ் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் மட்டும் இருந்தது. துரைக்கண்ணு ஸ்கூட்டரிலிருந்து இறங்கினான், பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி ஏறி உட்கார்ந்தான். ஆர்.டி.ஓ. நிமிர்ந்து பார்த்தார். எல்லாரும் தன்னையே பார்ப்பதைக் கண்டார். மேலே குழாயைப் பார்த்தார், முழங்கைக்குப் பக்கத்தில் மைக்கைப் பார்த்தார். அவர் விரல் மைக்கின் சுவிட்சைத் தேடியது.

கண்ணாத்தாள் இன்னும் உட்காரவில்லை. தன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எப்போதும் பேசுகிற அதே மெல்லிய குரலில் சொன்னாள்.

"அத அணைக்காதீங்கய்யா. மிச்சம் இருக்கறதையும் சொல்லிடுங்க."